கன்னி ஆட்டுக் குட்டிகளில் மடங்கிய கால், இல்லாத ஆசனவாய், சூம்பிய தொடை: எல்லாம் ஒரே நோயா?

கேள்வி: மானூர் ஆட்டுப்பட்டி

அனைவருக்கும் வணக்கம். மானூர் வட்டாரத்தில் மானாவாரி நிலத்தை ஒட்டி, என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் கன்னி என்னும் நாட்டு இன வெள்ளாடு வளர்த்து வருகிறது. இப்போது என்னிடம் 42 பெட்டைகளும் ஒரு பொலிகிடாவும் உள்ளன. ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகள் இறப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தப் பங்குனியில் நடந்தவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

பங்குனி முதல் வாரத்தில், இரண்டு வெவ்வேறு பெட்டைகள் ஈன்ற இரண்டு குட்டிகளுக்கு முன்னங்கால்கள் முழங்காலில் மடங்கியபடியே இருந்தன. கையால் மெதுவாக நீட்டிப் பார்த்தேன். கட்டை போல் இறுகியிருந்ததே தவிர நீளவில்லை. ஒன்று ஈனும்போதே இறந்திருந்தது. மற்றொன்றுக்குக் கறந்து புகட்டிய சீம்பாலையும் சரியாக விழுங்கத் தெரியவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே கிடந்து இரண்டாம் நாள் இறந்தது. அதற்கு அடுத்த வாரம் பிறந்த வேறொரு குட்டி நன்றாகப் பால் குடித்தது, ஆனால் வயிறு நாளுக்கு நாள் உப்பியது. வாலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அதற்கு ஆசனவாயே இல்லை என்பது தெரிந்தது. மூன்றாம் நாள் அதையும் இழந்தோம். நான்காவது குட்டி மாசியில் நல்ல நிலையில் பிறந்தது. இருபது நாள் வயதில் கழிச்சல் கண்டதால் பின்தொடையில் ஊசி போடப்பட்டது. மறுநாளிலிருந்து அந்தக் காலின் குளம்பை மடக்கி, அதன் முன்பக்கம் தரையில் தேய நடக்கிறது; இப்போது மூன்று வாரத்தில் அந்தத் தொடை மற்றதில் பாதியாகச் சூம்பிவிட்டது. இவை போதாதென்று, பட்டியிலேயே கொழுத்து வளர்ந்த குட்டி ஒன்றின் தொண்டைக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு மெதுமெதுப்பாக ஒரு வீக்கம் தெரிகிறது.

சினை ஆடுகளைக் கிரகணத்தன்று வெளியே மேயவிட்டதால் வந்த வினை என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். கிடாவின் வித்து கெட்டுவிட்டது, அதை உடனே விற்றுவிடு என்கிறார்கள் வேறு சிலர். இந்தக் கிடா ஐந்தாண்டுகளாக எங்கள் பட்டியில்தான் நிற்கிறது. எனக்குள் இன்னொரு அச்சமும் இருக்கிறது: மழை தொடங்கியதும், ஐப்பசி 20ஆம் தேதி, பட்டி முழுவதற்கும் அல்பென்டசோல் குடற்புழு மருந்து புகட்டினேன். அந்தச் சமயத்தில் பெட்டைகள் பலவும் கிடாவோடு சேர்ந்திருந்தன.

இவை எல்லாம் ஒரே நோயின் பல முகங்களா? கிடாவை மாற்றினால் போதுமா, அல்லது இந்தக் குட்டிகளை ஈன்ற தாய் ஆடுகளையும் கழித்துவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை

தம்பி, நடந்ததை நாள் கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். பிறவிக் குறைகளைப் பொறுத்தவரை நாள் கணக்குதான் பாதி நோயறிதல் என்பதால், உங்கள் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல முடிகிறது.

முதலில், இவை ஒரே நோய் அல்ல. ஓர் உறுப்பு சிறுத்தோ இல்லாமலோ காணப்பட்டால் நோய்க்குறியியல் படித்தவர் முதலில் கேட்பது, "இது எப்போதாவது முழு அளவுக்கு வளர்ந்திருந்ததா?" என்பதைத்தான். வளர்ந்து முடிந்த தசையோ உறுப்போ பின்னர் சிறுத்தால் அது நலிவு; நம் ஊரில் "சூம்பிப் போச்சு" என்று சொல்வது மிகச் சரியாக இதைத்தான் குறிக்கிறது. தொடக்கத்திலிருந்தே முழு அளவை எட்டாமல் நின்றுவிட்டால் அது குறைவளர்ச்சி. உருவாகவே இல்லை என்றால் அது உருவாகாமை. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் முதலாவதில் காரணத்தை நீக்கினால் திசு மீள வாய்ப்பு உண்டு. மற்ற இரண்டில் மீள்வதற்கு அங்கே ஒன்றும் இருந்ததில்லை.

இந்த அளவுகோலின்படி, ஊசி போட்ட குட்டியின் கால் மட்டுமே பிறந்த பிறகு நேர்ந்த நலிவு. பின்தொடையின் தசைகளுக்கு நடுவே, தொடை எலும்புக்குப் பின்புறமாக, பெரிய நரம்பு ஒன்று இறங்குகிறது. இருபது நாள் குட்டியின் தொடையில் சதை மிகக் குறைவு. ஊசி முனை நேராக நரம்பைத் தொட்டாலும், மருந்து அதன் ஓரமாகத் தேங்கினாலும் நரம்பு பழுதடையும். நரம்பின் தூண்டல் நின்ற தசை சும்மா இருப்பதில்லை. தசைச் செல்கள் தம் உள்ளிருக்கும் புரதங்களைத் தாமே உடைத்துத் தின்னத் தொடங்குகின்றன. செல் சாகவில்லை, செலவைக் குறைத்துக்கொண்டு சுருங்கி உயிர் பிழைக்கிறது. இதனால்தான் சில வாரங்களிலேயே தசை தன் நிறையில் பாதியை இழக்கிறது. நரம்பின் உறை அறுபடாமல் இருந்தால் உள்ளிழை நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் மறுபடி வளரும். பத்து சென்டிமீட்டர் வளர ஏறத்தாழ நூறு நாள் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நரம்பு வந்து சேரும் வரை தசையையும் மூட்டையும் காப்பாற்றி வைப்பதுதான் நம் வேலை. நாளைக்கு மூன்று நான்கு முறை மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுங்கள், வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள், தரையில் தேயும் குளம்பின் முன்பக்கத்தில் புண் ஆகாதபடி பஞ்சு வைத்துக் கட்டுங்கள். மாதக்கணக்கில் நரம்பு வராவிட்டால் தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்ளும். அதன்பின் மீட்பு இல்லை. இனிமேல் சிறு குட்டிகளுக்குத் தசை ஊசி தேவைப்பட்டால், தோளுக்கு முன்னால் கழுத்துத் தசையில் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவம் செய்பவரை அவமதிப்பதாகாது.

தொண்டை வீக்கத்துக்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை என்றே எண்ணுகிறேன். தாய்ப்பால் நிறையக் குடித்து வளரும் குட்டிகளுக்குக் கழுத்திலுள்ள தைமஸ் சுரப்பி இப்படிப் பெருத்துத் தெரிவது இயல்பு. நான்கைந்து மாதங்களில் அது தானாகவே வற்றிவிடும்; உடல் திட்டமிட்டே நடத்தும் நலிவு அது. அயோடின் குறைவால் வரும் கழுத்துக்கழலை வேறு. அந்தக் குட்டிகள் பிறக்கும்போதே வீக்கத்தோடு, பலவீனமாகவும் முடியின்றியும் பிறக்கும், இறந்தே பிறப்பதும் உண்டு. பட்டியிலேயே கொழுத்த குட்டிக்கு அது பொருந்தாது. அந்த வீக்கத்தைக் கட்டி என்று நினைத்து எவரும் கீறிவிட அனுமதிக்காதீர்கள்.

இனி மடங்கிய கால்கள். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கருவிலுள்ள குட்டி கால்களை அசைத்துக்கொண்டே இருப்பதால்தான் மூட்டுகள் மூட்டுகளாக உருவாகின்றன. தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் கருவிலேயே அழிந்துவிட்டால், தசை அசையாது. அசையாத தசை கருப்பையிலேயே சூம்பும். அசைவில்லாத மூட்டு இறுகிப் போகும். ஆகவே நீங்கள் கண்ட இறுகிய கால், பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த ஒரு நலிவின் விளைவு. விழுங்கத் தெரியாமையும் தலைச் சாய்வும் மூளையும் பாதிக்கப்பட்டிருந்ததைக் காட்டுகின்றன.

கருவின் நரம்புச் செல்களை இப்படிக் குறிவைத்து அழிக்கும் வைரஸ்கள் சில உண்டு. அவற்றில் நன்கு ஆராயப்பட்டது அகபானே வைரஸ். ஜப்பானில் அகபானே என்ற ஊரில் 1959இல் பிடிக்கப்பட்ட கொசுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர் பெற்றது. 2011இல் ஜெர்மனியின் ஷ்மாலென்பெர்க் நகருக்கு அருகில் கண்டறியப்பட்டு ஐரோப்பாவெங்கும் மடங்கிய கால் குட்டிகளைப் பிறக்கவைத்த வைரஸும் இதே குடும்பம். இவற்றைப் பரப்புவது கியூலிகாய்ட்ஸ் எனப்படும், கொசுவைவிட மிகச் சிறிய கடிபூச்சி. சாணத்தின் ஈரத்திலும் குளத்தங்கரைச் சேற்றிலும் அது பெருகுகிறது. நம் பக்கத்துச் செம்மறிகளுக்கு மழைக்காலத்தில் நீலநாக்கு நோயைக் கொண்டுவருவதும் இதே பூச்சிதான். தாய் ஆட்டுக்கு அகபானேயால் வெளியே தெரியும்படி எந்த நோயும் வராது. ஆடு நன்றாக மேயும், அசைபோடும். உள்ளே கரு மட்டும் சிதையும்.

வெள்ளாட்டில் கரு இதற்கு ஆட்படும் காலம் சினையின் 30ஆம் நாள் முதல் 50ஆம் நாள் வரை என்று கொள்ளலாம். உங்கள் குட்டிகள் பங்குனி முதல் வாரத்தில் பிறந்தன. 150 நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் ஐப்பசியின் தொடக்கத்தில் சினை பிடித்திருக்கிறது. அப்படியானால் அந்த ஆபத்தான இருபது நாட்கள் கார்த்திகையின் முதல் மூன்று வாரங்களில் விழுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் பூச்சி மிகுந்திருக்கும் காலமும் அதுவே.

ஆனால் அல்பென்டசோலையும் நான் ஒதுக்கிவிட முடியாது. அந்த மருந்தைச் செம்மறிக்குச் சினையின் முதல் 30 நாட்களிலும் மாட்டுக்கு முதல் 45 நாட்களிலும் கொடுக்கக் கூடாது என்று மருந்து உறையிலேயே எச்சரிக்கை உண்டு. எலும்பும் சிறுநீரகமும் உருவாகும் பருவத்தில் அது கருவைச் சிதைக்கும் என்பது சோதனைகளில் தெளிவானது. நீங்கள் கொடுத்தது ஏறத்தாழ 18ஆம் நாள். எனவே இப்போதைக்குக் குற்றவாளிகள் இருவர். இருவரையும் பிரித்துக் காட்டக்கூடியது இறந்த குட்டியின் மூளைதான், அதையோ இந்நேரம் புதைத்திருப்பீர்கள். இன்னும் ஈன வேண்டிய பெட்டைகள் இருந்தால், அடுத்து இப்படி ஒரு குட்டி இறந்து பிறந்தால் புதைக்காதீர்கள். பனிக்கட்டியில் வைத்து, உறைய விடாமல், அன்றே இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லுங்கள். வைரஸாக இருந்தால் மண்டையைத் திறந்ததும் மூளை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்பதைப் பெரும்பாலும் காண முடியும்.

குட்டி உயிரோடு பிறந்தால் இன்னொரு வழியும் உண்டு. சீம்பால் குடிப்பதற்கு முன்பே அதன் இரத்தத்தை எடுக்கச் செய்யுங்கள். ஆடு மாடுகளின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்புப் பொருளைக் கருவுக்கு விடுவதில்லை. அதனால்தான் சீம்பால் அவற்றுக்கு அவ்வளவு அவசியமாகிறது. ஆகவே சீம்பால் குடிக்காத குட்டியின் இரத்தத்தில் ஒரு வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தால், அது கருவிலேயே அந்த வைரஸைச் சந்தித்தது என்பதற்கு அதுவே சாட்சி. சீம்பால் குடித்த பிறகு எடுத்தால் அந்தச் சாட்சி கலைந்துவிடும்.

ஆசனவாய் இல்லாத குட்டியைப் பற்றி ஒரு கேள்வி: அதன் தாய், அதே கிடாவின் மகளா? அதைச் சொல்லுங்கள், பிறகு எழுதுகிறேன்.


மறுமொழி 2: சேரன்மகாதேவி விவசாயி

மருத்துவர் ஐயா எழுதிய நரம்பும் தசையும் பற்றிய விளக்கத்தைப் படித்தபோது எங்கள் வீட்டுக் காளை ஒன்று நினைவுக்கு வந்தது. மானூர் தம்பிக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

கன்னடியன் கால்வாய் கரையோரம் வண்டியோடு சறுக்கி விழுந்த வலத்து மாட்டுக்கு, நுகத்தடி தோளின் முன்பக்கத்தில் பலமாக மோதியது. தோலில் காயமே இல்லை. மறுநாள் மாடு நடந்தது, ஆனால் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தோள் வெளிப்பக்கமாகப் பிதுங்கியது. மூன்று வாரத்தில் தோள்பட்டை எலும்பின் நடுவிலுள்ள மேடு கத்தி முதுகுபோல் துருத்திக்கொண்டு, அதன் இரு பக்கமும் குழி விழுந்துவிட்டது. மாட்டுக்கு வாதம் என்று சூடு போடச் சொன்னார்கள், போடவில்லை. பார்த்த மருத்துவர், தோள்பட்டை எலும்பின் முன்விளிம்பைச் சுற்றி ஒரு நரம்பு போவதாகவும், அங்கே அதற்குச் சதைப் பாதுகாப்பு குறைவு என்பதால் மோதலில் நசுங்கியிருப்பதாகவும், அந்த நரம்பை நம்பி இரண்டு தசைகள் இருப்பதாகவும் சொன்னார். ஆறு மாதம் நுகத்தில் பூட்டக் கூடாது என்றார்.

பூட்டவில்லை. ஐந்தாம் மாதத்தில் குழி ஓரளவு நிரம்பியது. முழுவதும் நிரம்பவில்லை, ஆனால் தோள் பிதுங்குவது நின்றது. நான் கவனித்த இன்னொன்று, அந்தக் காலத்தில் உடல் பாரத்தை அடிபடாத இடப்பக்கத்துக்கே கொடுத்துக் கொடுத்து அந்தப் பக்கத் தோள்சதை முன்பைவிடத் திரண்டுவிட்டது. உழைக்கும் தசையில் இழைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை, இருக்கும் இழைகளே தடிக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். ஒரே மாட்டின் ஒரு தோள் சூம்பியதையும் மறு தோள் பெருத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, சூம்புவதைச் சாபம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தம்பி, குட்டியின் காலை நாள்தோறும் நீட்டி மடக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.


மறுமொழி 3: இராஜபாளையம் நாய் வளர்ப்பவர், சங்கரன்கோவில்

பொருள் ஆட்டைப் பற்றியது என்றாலும், பிறவிக் குறையும் நலிவும் ஒன்றாகச் சேரும் ஓர் இடத்தை நாய் வளர்ப்பவர்கள் தினமும் பார்க்கிறோம் என்பதால் குறுக்கிடுகிறேன்.

இராஜபாளையம் நாயின் வெண்மையை எல்லோரும் விரும்புகிறார்கள். அந்த வெண்மைக்கு விலையாகச் சில குட்டிகள் செவிடாகின்றன. உள்காதில், கேட்கும் செல்களைச் சூழ்ந்துள்ள நீரைச் சரியான நிலையில் வைத்திருக்கும் மெல்லிய இரத்தக்குழாய்ப் படலம் ஒன்று உண்டு. அது நிலைத்திருக்க, தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் அங்கும் குடியேறியிருக்க வேண்டும். மிகுந்த வெண்மைக்குக் காரணமான மரபணுக்கள் அந்தச் செல்களைக் காதுக்கும் போகவிடாமல் செய்துவிடுகின்றன. குட்டி பிறக்கும்போது காதின் அமைப்பு ஏறத்தாழ முழுமையாகவே இருக்கிறது. ஆனால் துணைச் செல்கள் இல்லாத அந்தப் படலம் மூன்று நான்கு வார வயதுக்குள் நலிந்துவிடுகிறது, அதைத் தொடர்ந்து கேட்கும் செல்களும் அழிகின்றன. குறை மரபில் வந்தது. நடந்து முடிவது பிறந்த பிறகு.

இதனால்தான் ஐந்து வாரத்துக்கு முன்னால் காது கேட்கிறதா என்று முடிவு கட்டக் கூடாது என்கிறோம். கைதட்டிப் பார்ப்பது போதாது, ஏனென்றால் ஒரு காது மட்டும் கேளாத நாய் தட்டும் ஓசைக்குத் திரும்பிப் பார்த்துவிடும். அத்தகைய நாயை இனப்பெருக்கத்துக்கு விட்டால் அடுத்த ஈற்றில் இரு காதும் கேளாத குட்டிகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. மூளைத்தண்டின் மின்துடிப்பை அளக்கும் சோதனையே ஒற்றைக் காதுக் குறையைக் காட்டும். ஆட்டுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்: உயிர் பிழைத்துவிட்டது என்பதற்காகப் பிறவிக் குறையுள்ள ஒன்றை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.


மறுமொழி 4: நாங்குநேரி வாசகி

எனக்கு ஒரு சிறு சந்தேகம். எங்கள் கொடி இன வெள்ளாடு ஒரு கிடாக்குட்டியும் ஒரு பெட்டைக்குட்டியும் ஈன்றிருக்கிறது. கிடாவோடு பிறந்த பெட்டை மலடாகும், அதை வளர்க்காதே என்று மாமா சொல்கிறார். இது உண்மையா?


மறுமொழி 5: மானூர் ஆட்டுப்பட்டி

மருத்துவர் ஐயாவுக்கும் அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. குறிப்பேட்டைப் பார்த்தேன். ஆசனவாய் இல்லாத குட்டியின் தாய், இதே கிடாவுக்கு இங்கேயே பிறந்த பெட்டைதான். மடங்கிய கால் குட்டிகளின் தாய்கள் இரண்டும் அப்படி அல்ல. அவற்றை எட்டயபுரம் சந்தையில் சென்ற ஆவணியில் வாங்கினேன். இன்னும் ஆறு பெட்டைகள் சித்திரையில் ஈன வேண்டியிருக்கிறது.


மறுமொழி 6: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை

நாங்குநேரி அம்மாவுக்கு முதலில். உங்கள் மாமா சொல்வது மாட்டுக்கு உண்மை. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மலடு, ஏனெனில் மாட்டில் இரட்டைக் கருக்களின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. ஆண் கருவின் சுரப்புகள் அந்த வழியே வந்து பெண் கருவின் கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடாமல் நிறுத்திவிடுகின்றன. வெள்ளாட்டில் இந்த இணைப்பு அரிது. இரட்டை ஈனுவதே இயல்பாக உள்ள இனத்தில் அப்படி நடந்தால் இனமே நிலைத்திருக்காது. பெட்டையை நம்பி வளர்க்கலாம்.

மானூர் தம்பி, நீங்கள் தந்த இரண்டு செய்திகளும் படத்தைத் தெளிவாக்குகின்றன. தந்தையும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியில், ஒவ்வொரு மரபணு இடத்திலும் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மறைந்திருக்கும் குறை வெளிப்பட இதுவே வழி. ஆசனவாய் உருவாகாமை பன்றிகளில் மரபு வழி வருவது உறுதியாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு ஆட்டுக்குட்டியை வைத்து உறுதி கூற முடியாது என்றாலும், இந்தக் குட்டிக்காக நான் சந்தேகப்படுவது கிடாவை அல்ல, கிடாவும் மகளும் சேர்ந்ததை. ஐந்தாண்டு ஒரே கிடாவை வைத்திருக்கக் கூடாது, இரண்டாண்டுக்கு ஒருமுறை வேறு பட்டிக் கிடாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இனி இப்படி ஒரு குட்டி பிறந்தால், பிறந்த அன்றே வாலைத் தூக்கிப் பாருங்கள். தோல் மட்டும் மூடியிருந்து, குட்டி முக்கும்போது அந்த இடம் பிதுங்கினால், சிறு அறுவையில் திறந்து உயிரைக் காப்பாற்ற முடியும். ஆனால் அதை இறைச்சிக்குத்தான் வளர்க்க வேண்டும். சங்கரன்கோவில் நண்பர் சொன்ன காரணமே இங்கும்.

மடங்கிய கால் குட்டிகளுக்கு இந்தக் கிடா தந்தையாக இருந்தாலும், மரபைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சஸில் ஃப்ரெட் ஹேல் என்பவர் 1933இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் ஏ இல்லாத தீவனம் தின்ற பன்றி ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழியே இல்லை. மரபுக் குறை என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கண்ணற்ற பன்றிகளையே பின்னர் இனச்சேர்க்கைக்கு விட்டு, நல்ல தீவனம் கொடுத்தபோது, பிறந்த குட்டிகளுக்கு நல்ல கண்கள் இருந்தன. ஒரே ஈற்றில் பல குட்டிகளுக்குக் குறை வந்தால் கிடாவைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், அந்த ஈற்று கருவில் இருந்தபோது தாய்க்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கிரகணத்தைப் பற்றி: அது கருவைத் தொடும் வழி எதுவும் இல்லை. அன்று மேய்ந்த ஆடுகளுக்காக நீங்கள் மனம் நோக வேண்டாம்.

வெளியிலிருந்து வாங்கி வந்த இரண்டு பெட்டைகளுக்கே இது நேர்ந்தது என்பதும் வைரஸ் பக்கமே சாய்கிறது. பல ஆண்டுகளாக உங்கள் குளத்தங்கரைப் பூச்சிகளின் கடி பட்டு வந்த ஆடுகளுக்கு எதிர்ப்பு இருந்திருக்கும், புதியவற்றுக்கு இருந்திருக்காது. ஒருமுறை தொற்று வந்த ஆட்டுக்கு அதன்பின் எதிர்ப்பாற்றல் நிலைக்கும். அடுத்த ஈற்றில் அது நல்ல குட்டியே ஈனும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே அந்தத் தாய்களைக் கழிக்காதீர்கள். சித்திரையில் ஈன வேண்டியவை கார்த்திகையில், குடற்புழு மருந்து கொடுத்து முடித்த பிறகு சினையானவை. அவற்றிலும் மடங்கிய கால் வந்தால், மருந்தின் மேலுள்ள சந்தேகம் பெரும்பாலும் நீங்கும். இறந்தால் புதைக்காதீர்கள் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.


மறுமொழி 7: மானூர் ஆட்டுப்பட்டி

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். சித்திரை இரண்டாம் வாரத்தில், எட்டயபுரத்தில் வாங்கிய இன்னொரு பெட்டை இரட்டைக் குட்டிகள் ஈன்றது. ஒன்று நான்கு கால்களும் மடங்கி இறந்தே பிறந்தது; மற்றது நன்றாக இருந்தது. நல்ல குட்டியை மடியில் விடுவதற்கு முன்பே அதன் இரத்தத்தை எடுக்க எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் உதவினார்கள். இறந்ததைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்று மதியமே உடற்கூறாய்வுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மண்டையைத் திறந்தபோது நானும் அருகில் நின்றேன். பெருமூளை இருக்க வேண்டிய இடத்தில் தெளிந்த நீர்தான் நிறைந்திருந்தது. அதைச் சுற்றிக் காகிதத் தடிப்பில் ஒரு படலம். தொடைத் தசையும் வெளிறி மெலிந்திருந்தது, அது கருப்பையிலேயே சூம்பியது என்று காட்டினார்கள். 150 நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் இந்தப் பெட்டை சினையானது கார்த்திகை பத்தாம் தேதி வாக்கில். மருந்து புகட்டி ஏறத்தாழ இருபது நாள் ஆகியிருந்தது. எந்த வைரஸ் என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

கிடாவை ஆலங்குளம் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவரின் கிடாவோடு மாற்றிக்கொண்டேன். அவருடைய பெட்டைகளுக்கும் இதற்கும் உறவு இல்லை என்பதையும், இங்கே நடந்ததையும் அவரிடம் முழுமையாகச் சொல்லித்தான் மாற்றினேன். மூன்று தாய் ஆடுகளையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் சந்தையில் வாங்கும் பெட்டைகளை ஒரு மழைக்காலம் எங்கள் பட்டியில் கழித்த பிறகே கிடாவோடு சேர்க்கப் போகிறேன். குடற்புழு மருந்தைச் சேர்க்கைக்கு முன்பே கொடுத்து முடிப்பதாகவும் திட்டம்.

ஊசி போட்ட குட்டியின் காலை நானும் என் மகளும் முறை வைத்து நீட்டி மடக்கி வருகிறோம். தொடை இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்றுக் காலை குட்டிகளை மூடிவைக்கும் கொடாப்புக் கூடையைத் தூக்கியதும் வெளியே வந்த குட்டி, மூன்று நான்கு அடி வரை குளம்பை மடக்காமல் நேராக ஊன்றி நடந்தது. அதன் பிறகுதான் மறுபடி மடங்கியது. தொண்டை வீக்கமிருந்த குட்டிக்கு வீக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது.